ஆர்.சி. என் பேரில், ஆப் இன்னொருவர் பேரில்: கனெக்டட் காருடன் மூன்று வருடம்

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரு விவேக் நகரில் எங்கள் அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த கார் தானாக ஸ்டார்ட் ஆகி ஏசி ஓட ஆரம்பித்தது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. பால் பாக்கெட்டும் கையுமாக நான் நிற்க, வாட்ச்மேன் "என்ன சார், பேய் கீய் புகுந்துருச்சா?" என்றார்.

புகுந்தது பழைய ஓனரின் பேரன், காரை ஃபோனிலிருந்தே இயக்கும் கம்பெனி ஆப் வழியாக. ஆர்.சி. என் பேருக்கு மாறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. விற்பனைக் காகிதத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். மல்லேஸ்வரத்துக்காரர், கன்னடர், தமிழ் நன்றாகவே பேசுவார். "ஐயோ, சாரி ஸார், பேரன் என் ஃபோன்ல விளையாடிட்டிருந்தான். அந்த ஆப் இன்னும் வேலை செய்யுதா?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். கூடவே, "நேத்து ராத்திரி கோரமங்களால இருந்தீங்க இல்ல?" என்றும் கேட்டார். வெள்ளந்தியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முதுகு சில்லிட்டது.

2021 மாடல், ஆட்டோமேட்டிக், உள்ளேயே இ-சிம் வைத்து வரும் வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். நண்பர்களிடம் விசாரித்த வரையில் மற்ற கம்பெனி வண்டிகளிலும் இதே கதைதான். நான் வாங்கும்போது 18,400 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இன்று 57,000. மைலேஜ், சஸ்பென்ஷன் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. நான் சொல்ல வந்தது அது எழுதி வைக்கும் கணக்கைப் பற்றி.

ஆப்பை என் பேருக்கு மாற்றப் பதினொரு நாள் பிடித்தது. ஆர்.சி. நகல், ஆதார் நகல், ஒரு விண்ணப்பம் எல்லாம் மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். பெரியவர் தன் ஃபோனிலிருந்து ஆப்பை அன்றே தூக்கிவிட்டார், ஆனால் கணக்கு அவர் பேரில் அப்படியே இருந்தது. இன்சூரன்ஸ், ஆர்.சி., ரெண்டாவது சாவி என்று எல்லாவற்றையும் கைமாற்றிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் டீலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. வண்டித் திரையைத் தட்டிப் பார்த்தால் மேப்பில் 'ஹோம்' என்று மல்லேஸ்வரம் வீடு. கான்டாக்ட்ஸில் அவருடைய டாக்டர், வக்கீல், சம்பந்தி என்று முந்நூறு பேருக்கு மேல். அன்று மாலையே ஃபேக்டரி ரீசெட் செய்தேன். அது திரையைத்தான் துடைக்கும், சர்வரில் கை வைக்காது என்பது பிறகு புரிந்தது.

ஆப்பில் ஒன்றும் பிரயோஜனம் இல்லை என்று சொன்னால் பொய். டயர் காற்று இறங்குவதைக் காலையில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். மால் பார்க்கிங்கில் வண்டியைத் தொலைத்துவிட்டு ஆப்பைப் பார்த்துக் கண்டுபிடித்த நாட்கள் பல. டிரைவிங் ஸ்கோர்தான் வேடிக்கை. அவுட்டர் ரிங் ரோட்டில் பள்ளத்துக்கு பிரேக் போட்டால் 'ஹார்ஷ் பிரேக்கிங்' என்று மார்க்கைக் குறைக்கும். பள்ளத்தில் விட்டால் மார்க் குறையாது, அலாய் வீல் வளையும். சில்க் போர்டு சந்திப்பு ட்ராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஊர்ந்த நாளில் எனக்கு 94 மார்க்.

குடும்பக் கணக்கில் மனைவியையும் சேர்த்திருந்தேன். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "மடிவாளாவுல நாப்பது நிமிஷம் வண்டி நின்னிருக்கே, என்னங்க?" என்றாள்.

"ட்ராஃபிக்மா."

"இன்ஜின் ஆஃப்னு போட்டிருக்கே."

பழைய ஆபீஸ் ஆட்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது.

வீட்டில் கேட்டால் பதில் சொல்லிவிடலாம், மற்றவர்கள் பார்ப்பதுதான் பிரச்சினை. 2023 செப்டம்பரில் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கையைப் படித்துப் பார்த்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வாடிக்கையாளர்கள் எப்போது பிரேக் போடுகிறார்கள், எந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள் என்பதையெல்லாம் தரவுத் தரகர்களுக்குக் கொடுத்ததும், அவர்கள் வழியாக அது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனதும் 2024-ல் வெளியே வந்தது. பிரீமியம் ஏன் ஏறியது என்று தெரியாமல் விழித்தவர்களுக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சார வண்டிகளின் தகவல் பூட்டுப் போடாத சர்வரில் கிடந்தது தெரிய வந்தது. வண்டி எங்கே நின்றது என்பதும் அதில் இருந்தது.

நம் ஊரிலும் 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓட்டுவதை வைத்துப் பிரீமியம் போடும் இரண்டு வகை ஆட்-ஆனுக்கு அனுமதி கொடுத்தது: எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதை வைத்து ஒன்று, எப்படி ஓட்டுகிறோம் என்பதை வைத்து இன்னொன்று. ஏஜென்ட் இரண்டையும் காட்டினார். கிலோமீட்டர் கணக்கை எடுத்துக்கொண்டேன், ஓடோமீட்டர் படம் அனுப்பினால் போதும். பள்ளத்துக்கு மார்க் போடும் மெஷினிடம் என் பிரீமியத்தைக் கொடுக்க மனசு வரவில்லை.

இனி அசல் விஷயம். 2025 ஆகஸ்டில் கர்நாடக அரசு பழைய போக்குவரத்து அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி அறிவித்தது. எனக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்தால், மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு 11.40-க்கு ஹெப்பாள் பக்கம் சிக்னல் தாண்டியதாக ஒரு சலான். அன்று நாங்கள் தர்மபுரியில், சித்தப்பா மகள் கல்யாண ரிசப்ஷனில். படத்தில் நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறது, மற்றதெல்லாம் இருட்டில் ஒரு வெள்ளை வண்டி. யாரோ என் எண்ணைப் போட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறான்.

எனக்குக் கவலையே இல்லை. வண்டிதான் நொடிக்கு நொடி எழுதி வைக்கிறதே! ஆப்பைத் திறந்தேன். கடைசி 90 நாள் பயணங்கள் மட்டும் இருந்தன. கஸ்டமர் கேருக்கு எழுதினேன். 'ஆப்பில் 90 நாள் மட்டுமே காட்டப்படும்' என்று பதில். ஆப்பில் இல்லை, உங்கள் சர்வரில் இருக்கிறதா என்று திரும்பக் கேட்டேன். 'தங்கள் டிக்கெட் தீர்க்கப்பட்டது' என்று வந்தது. மூன்றாவது மெயிலுக்கு, நிறுவனக் கொள்கைப்படி பகிர இயலாது என்றார்கள். அப்படியென்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

காப்பாற்றியது ஃபாஸ்டேக். பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கினேன்: சனி காலை அத்திப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி டோல், திரும்பியது ஞாயிறு மாலை. அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு முறை நடந்ததும் சலான் ரத்தானது. வண்டி கடந்ததை மட்டும் குறித்துக்கொண்ட டோல்கேட் கணக்கு எனக்குச் சாட்சி சொன்னது. நான் காசு கொடுத்து வாங்கி, சந்தாவும் கட்டும் வண்டி வாயைத் திறக்கவில்லை.

தள்ளுபடிக்குக் கடைசி நாள் செப்டம்பர் 12. அதே 12-ம் தேதிதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இணையத்தோடு இணைந்த பொருள் எதுவானாலும், அது உருவாக்கும் தரவைப் பயன்படுத்துபவர் கேட்டால் கொடுக்க வேண்டும் என்கிறது அது. காரும் அதில் அடக்கம். ஜெர்மனியில் இருந்திருந்தால் என் மெயிலுக்கு வேறு பதில் வந்திருக்கும்.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த வழக்கே இந்த ஊர்க்காரர், ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி போட்டதுதான். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதற்குப் பிறகு என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்ற சுருக்கத்தையும், யாரிடமெல்லாம் கொடுத்தார்கள் என்பதையும் கேட்கலாம், அழிக்கவும் சொல்லலாம். ஆனால் சுருக்கத்தை வைத்துக்கொண்டு மார்ச் மாதச் சனிக்கிழமை இரவை நிரூபிக்க முடியாது. தரவை அப்படியே எடுத்துக்கொண்டு போகும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது, 2023 சட்டத்தில் காணோம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். தரவு யாருக்குச் சொந்தம் என்பதை அந்தச் சட்டம் பேசவே இல்லை.

செகண்ட் ஹேண்டில் இப்படி வண்டி வாங்குபவர்களுக்கு: பழைய ஓனரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் ஃபோனிலேயே அவர் கணக்கிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மாதா மாதம் பயணப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேவலமான வழிதான், வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

சலான் விவகாரத்துக்குப் பிறகு கனெக்டட் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. ஆப் இப்போது வெறும் படம், டயர் காற்றுக்கூடத் தெரியாது. சந்தா கட்டாவிட்டால் வண்டி அனுப்புவதும் நிற்குமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டேன். அட்வைசர் பையன் கொஞ்ச நேரம் யோசித்து, "உங்களுக்குத் தெரியாது சார், அவ்ளோதான்" என்றான். திரையின் மேல் மூலையில் சிக்னல் கோடு இன்னும் நாலும் நிற்கிறது.