பேட்டையைத் திருத்துவதா, பேட்டையை விட்டுப் போவதா?

ஏழைகள் மட்டுமே வாழும் ஒரு குடியிருப்பு நொடித்துக் கிடக்கிறது. அதை இடித்துக் கட்டுவதா, அங்குள்ளவர்களை நல்ல பகுதிக்கு அனுப்புவதா? அமெரிக்கா இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது.

முதல் வழிக்கு அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக். 650 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு அது. வன்முறை முற்றி, 'குட்டி வியட்நாம்' என்றே பெயர் வாங்கியது. 1990களில் கட்டுமானத் தொழிலதிபர் டாம் கசின்ஸ் முன்கை எடுக்க, இடித்துவிட்டு 542 வீடுகள் கட்டினார்கள். பாதி அரசு உதவி பெறுவோருக்கு, பாதி சந்தை வாடகைக்கு. 2000இல் ட்ரூ சார்ட்டர் பள்ளியும் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடப்பது) வந்தது. சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையும் உதவி பெறும் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில். குற்றம் வெகுவாகக் குறைந்தது. சரி, கணக்கைப் பாருங்கள்: ஏழைகளுக்கான வீடு 650இலிருந்து 271 ஆகிவிட்டது. பழைய குடும்பங்களில் பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை.

இரண்டாவது, 1994இல் 5 நகரங்களில் தொடங்கிய 'மூவிங் டு ஆப்பர்ச்சுனிட்டி' என்ற சோதனைத் திட்டம். குலுக்கல் முறையில் வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பகுதியை அரசே கட்டும் சீட்டு) கொடுத்து, வறுமை குறைந்த பகுதிக்குப் போகச் சொன்னார்கள். பெரியவர்களின் வருமானம் அசையவில்லை. 13 வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகளோ, குலுக்கலில் வவுச்சர் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளைவிட இருபதுகளில் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

எனக்கு வவுச்சர் பக்கம்தான் சாய்வு. ஆனால் வீட்டு உரிமையாளர் அந்தச் சீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டுமே, அங்கேதான் இடிக்கிறது.