நம்ம ஊர் ஆள் என்று நம்பி 27,600 பவுண் போனது: லண்டனில் கடை வைத்திருப்பவர்கள் வாசியுங்கள்

நேற்றுப் பின்னேரம்தான் எனக்கு முழுக் கதையும் விளங்கியது. இரவு நித்திரை இல்லை. அந்தக் கோபத்தோடேயே எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு லண்டனில் சின்னதாய் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தேன். 2019 ஜூனில் பத்து வருட லீஸ். ஐந்தாவது வருடத்தோடு விட்டுப் போகலாம் என்று அதில் ஒரு பிரேக் கிளோஸ் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே கட்டட உரிமையாளருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வியாபாரம் படுத்துவிட்டது, 2023 ஒக்டோபரில் விடுவதென்று முடிவெடுத்தேன். இந்த நோட்டீஸில் ஒரு சொல் பிழைத்தாலும் செல்லாது என்று யாரோ பயம் காட்டினார்கள். பிழை வரக்கூடாது என்றுதான் சொலிசிட்டரிடம் போனேன்.

பெயர் சொல்ல மாட்டேன். பிரதான வீதியில், கடைகளுக்கு மேலே மாடியில் இருக்கிற நம்மவர் கந்தோர் ஒன்று. சுவரில் முருகன் கலண்டர், வந்தவுடன் தேத்தண்ணி. பேசப் பேச அவருடைய அம்மாவின் ஊர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் என்று தெரிந்தது. அங்கேதான் நான் விழுந்தேன். “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, 1,500க்குள்ள முடிச்சுத் தாறன்” என்றார். பத்துப் பக்கக் கடிதம் ஒன்றை நீட்டினார். வாசிக்கட்டுமா தம்பி என்று கேட்டேன். “அது சும்மா ஃபோர்மாலிட்டி” என்றார். கையெழுத்துப் போட்டேன். மணிக்கு 250 பவுண் என்று அதற்குள்தான் இருந்தது.

கட்டடம் 2022இல் கைமாறியிருந்தது. புது உரிமையாளர் எனக்கு அனுப்பிய கடிதத்தை நானே ஸ்கேன் பண்ணி அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. லீஸில் இருந்த பழைய கம்பனியின் பெயரைப் போட்டு, அவர்களுக்கே நோட்டீஸை அனுப்பியிருக்கிறார். காணி, கட்டட உரிமையைப் பதியும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் அப்போது 3 பவுண் கட்டினால் உரிமையாளர் யார் என்று கையில் வந்துவிடும். அந்த 3 பவுணை அவர் செலவழிக்கவில்லை.

2024 ஜூனில் சாவியைக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்தார்கள். எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை, இன்னும் ஐந்து வருட வாடகை இருக்கிறது என்றார்கள். நம்மவரோ, “அவங்கள் மோசமான ஆக்கள் அண்ணை, நான் பேசிச் சரிப்பண்ணுறன்” என்றார். தன் கந்தோர் செய்த பிழை என்று ஒரு சொல் இல்லை. மூன்று மாதம் பேசினார். கடைசியில் லீஸைத் திருப்பிக் கொடுக்க நான் 18,000 பவுண் கட்டினேன். அதற்குப் பிறகு அவருடைய பில் வந்தது: 8,000, வட் (VAT) வரி 1,600, மொத்தம் 9,600. இரண்டும் சேர்ந்து 27,600 பவுண்.

என் ஃபைலைப் போன மாதம்தான் அவரிடம் கேட்டு வாங்கினேன். பில்லை வரி வரியாகப் பார்த்தேன். ஆறு நிமிடம் ஒரு யூனிட், 25 பவுண். நான் “சரி தம்பி, நன்றி” என்று அனுப்பிய செய்திக்கும் ஒரு யூனிட். மொத்த 32 மணித்தியாலத்தில் பெரும்பகுதி, அவர் விட்ட பிழையைச் சமாளிக்க உரிமையாளரின் லோயரோடு பேசிய நேரம். தன் பிழையைத் திருத்துவதற்கு என்னிடமே காசு எடுத்திருக்கிறார்! நானும் கடன் வைக்கக்கூடாது என்று ஒரே கிழமையில், 2024 நவம்பரில், கட்டி முடித்தேன். மானம் பார்த்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். பில் ஏன் இவ்வளவு என்று கேட்டால் “சேர் மீட்டிங்கில்” என்பாள் கந்தோரில் போன் எடுக்கிற பிள்ளை. அடுத்த கிழமை ட்ரெயினிங். வட்ஸப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. ஒரு முறை மட்டும் வந்தது, தீபாவளி வாழ்த்து. நானும் ஊர் ஆள்தானே, முகம் முறிக்கக்கூடாது என்று பொறுத்திருந்தேன். கடைசியில் இரண்டு வரி மின்னஞ்சல்: இந்த விடயம் முடிந்துவிட்டது.

லோயர்கள் மேலேயே வழக்குப் போடுவதைத் தொழிலாக வைத்திருக்கும் பரிஸ்டர்கள் (கோர்ட்டில் வாதாடும் லோயர்கள்) இருக்கிறார்கள் என்று மருமகள் சொல்லித்தான் தெரியும். சொலிசிட்டர் இல்லாமல் நேரடியாகவே போகலாமாம். நேற்று அப்படி ஒரு அம்மாவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: பில் என்றைக்கு வந்தது, என்றைக்குக் கட்டினீர்கள்? சொன்னதும் பேனையைக் கீழே வைத்தார்.

பில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் கேட்டிருந்தால், அதை மதிப்பிடச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போவது என் உரிமையாம். 1974ஆம் ஆண்டு சொலிசிட்டர்ஸ் சட்டத்தின் 70ஆம் பிரிவு. அதில் பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்த வழக்குச் செலவும் அவர் தலையில்தான் வந்திருக்கும். ஒரு மாதம் கடந்தால் கோர்ட் மனம் வைக்க வேண்டும். காசும் கட்டிவிட்டால் விசேஷ காரணம் காட்ட வேண்டும். கட்டி ஒரு வருடம் தாண்டினால் அந்தப் பிரிவில் கோர்ட்டுக்கே அதிகாரம் இல்லை. நான் கட்டிப் பதினைந்து மாதம் தாண்டிவிட்டது. “சேர் மீட்டிங்கில்” என்று சொல்லிச் சொல்லியே அந்த வருடத்தை ஓட்டிவிட்டார்கள்.

கவனக்குறைவு வழக்கு வேறு. அதற்குப் பிழை நடந்த நாளிலிருந்து ஆறு வருடம், நோட்டீஸ் போக வேண்டிய கடைசி மாதம் 2023 டிசம்பர், அதனால் எனக்கு 2029 டிசம்பர் வரை இருக்கிறது. முறைப்படி கோரிக்கைக் கடிதம் போக வேண்டும், விசாரித்துப் பதில் சொல்ல அவர்களுக்கு மூன்று மாதம். சொலிசிட்டர்கள் எல்லோரும் கட்டாயம் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்பதால் காசு வர வழி இருக்கிறதாம். ஆனால் நோட்டீஸ் சரியாகப் போயிருந்தால் நான் உண்மையிலேயே வெளியே வந்திருப்பேன் என்பதை நானே நிரூபிக்க வேண்டும். அதற்காகத்தான் 2024 ஜூனில் வாடகை பாக்கி இருந்ததா என்று கேட்டார். பாங்க் ஸ்டேட்மெண்ட் தேடுகிறேன். இன்னொன்றும் சொன்னார்: பிழை தெரிந்த அன்றே அதை எனக்குச் சொல்லி, வேறு லோயரிடம் கேட்கும்படி அனுப்பியிருக்க வேண்டியது அவர் கடமையாம். “நான் பேசிச் சரிப்பண்ணுறன்” என்ற அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பால் வண்டி வந்துவிட்டது, புதுக் கடையைத் திறக்க வேண்டும். சுருக்கமாக: அந்தப் பத்துப் பக்கக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். தொகையை எழுத்தில் வாங்குங்கள். பில் வந்த திகதியைக் கலண்டரில் குறியுங்கள், சந்தேகம் இருந்தால் அந்த மாதத்துக்குள்ளேயே கேளுங்கள். முறைப்பாட்டை அந்தக் கந்தோருக்கே எழுத்தில் கொடுங்கள். எட்டுக் கிழமையில் சரியான பதில் இல்லையென்றால் லோயர்கள் மேலான முறைப்பாடுகளை விசாரிக்கிற லீகல் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அதற்குக் காசு இல்லை, ஆனால் அங்கேயும் கால எல்லை உண்டு. தேத்தண்ணி குடித்தாலும் பரவாயில்லை, அங்கே வைத்துக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். 27,600 பவுண்.