புல்லட் சைலன்சர்: கம்பெனியுடையதா, கடையில் வாங்கியதா, வெறும் குழாயா?

ராயல் என்ஃபீல்டு 350 வாங்கிய கையோடு சைலன்சரை மாற்றுவது நம் ஊரில் ஒரு சடங்காகிவிட்டது. பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய ஈரம் காய்வதற்குள் சிலர் சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ போய் நிற்கிறார்கள். காரணம் கேட்டால், பழைய புல்லட்டின் சத்தம் புதிய வண்டியில் இல்லை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சத்தத்தைத் தந்தது சைலன்சர் என்று நினைப்பதில்தான் கோளாறு.

நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால் 500 வெடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு. ஒவ்வொன்றையும் காது தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும் வேகம் இது. பழைய வார்ப்பிரும்பு என்ஜினில் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ.; சுழற்சியைத் தக்கவைக்கும் ஃபிளைவீலும் கனம். அதனால் கைதேர்ந்த மெக்கானிக் ஐட்லிங்கை, அதாவது நின்றபடி ஓடும் வேகத்தை, இன்னும் கீழே இறக்கி வைத்தாலும் என்ஜின் நின்றுவிடாது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியில்தான் ஊரே சொக்கிப்போனது. 2021இல் வந்த புதிய கிளாசிக் 350இன் என்ஜினில் விட்டம் 72, ஸ்ட்ரோக் 85.8. கூடவே அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட். கை மரத்துப் போவதில்லை, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிவதில்லை. அந்தச் சௌகரியத்துக்கு விலையாகத் தாளம் கொஞ்சம் மழுங்கியது. தாளம் என்ஜினுக்குள் பிறப்பது. கடைக்காரர் விற்பது உரப்பு. குறைந்தது ஒன்று, கூட்டுவது இன்னொன்று.

இனி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கம்பெனி சைலன்சரின் வாலில் டார்ச் அடித்தால் மறுமுனை தெரியாது. உள்ளே தடுப்புத் தகடுகள், அறைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பி ஓடும் சிறு குழாய்கள். வெளியேறும் புகையின் அழுத்த அலை இந்த அறைகளில் மோதித் திரும்பி, தன்னைத்தானே பாதி அழித்துக்கொண்டு வெளியே வருகிறது. கீழ்ச்சுருதி ஓரளவு தப்பிவிடும், கீச்சுச் சத்தம் மாட்டிக்கொள்ளும். நின்றபடி ஓடும்போது மெல்லிய தாளமும், நாற்பதில் போகும்போது ஒரு முனகலும் கேட்கும். குறை என்று சொன்னால் கனம் அதிகம். அடைமழையில் நிற்கும் வண்டியின் உள்தகடுகள் காலப்போக்கில் துருப்பிடித்துக் கலகலக்கும். அந்தக் கலகலப்பை ‘பீட் வந்துவிட்டது’ என்று மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்!

கடையில் விற்கும் மாற்று சைலன்சர்களில் தரமானவை வேறு வழியில் வேலை செய்கின்றன. நடுவில் துளைகள் போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. சத்தத்தைப் பஞ்சு உறிஞ்சிக்கொள்கிறது. வால்முனையில் ஒற்றைத் திருகாணியில் நிற்கும், வாயைக் குறுக்கும் ஒரு சிறு குழாய் இருக்கும். ‘டிபி கில்லர்’ என்று பெயர். அது உள்ளே இருக்கும்வரை இந்த சைலன்சர் அவ்வளவு மோசமில்லை. எடை குறைவு, ஒலியில் ஒரு முழுமை இருக்கிறது, பார்க்கவும் லட்சணம். சிக்கல் இரண்டு. அந்தத் திருகாணியைக் கழற்ற ஒரு ஆலன் சாவியும் ஒரு நிமிடமும் போதும், பலர் கழற்றிவிடுகிறார்கள். கழற்றாதவர்களுக்கும் பஞ்சு நிரந்தரமில்லை. சூட்டில் கருகிப் பொடிந்து, புகையோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். வாங்கிய அன்று கண்ணியமாக இருந்தது, நாள்பட நாள்படக் கத்த ஆரம்பிக்கும். தினமும் ஓட்டுபவருக்கு இந்த ஏற்றம் படிப்படியாக வருவதால் தெரியாது. எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும்.

மூன்றாவது, உள்ளே எதுவுமே இல்லாத வெறும் குழாய். கம்பெனி சைலன்சரையே அறுத்துத் தகடுகளை உருவிவிட்டு மறுபடி வெல்டிங் வைத்துத் தருவதும் இதில் சேர்த்தி. டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் வரை தெரியும். இதற்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லத் தேடிப் பார்த்தேன், விலை குறைவு என்பதைத் தவிர அகப்படவில்லை. பிக்கப் கூடும் என்பார்கள். 20 குதிரைத்திறன் என்ஜினில் சைலன்சரை மட்டும் மாற்றி ஓட்டுபவர் உணரும்படி எதுவும் கூடிவிடாது. திரும்பி வரும் அழுத்த அலையின் உதவி போவதால் கீழ்ச்சுற்றில் இழுவை குறைவதும் உண்டு. காதில் விழும் வேகத்தை வண்டியின் வேகமாக மனம் எண்ணிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கிறதே, அது எரியாத பெட்ரோல் ஆவி, இணைப்பில் கசிந்து நுழைந்த காற்றோடு சேர்ந்து குழாய்க்குள் எரியும் சத்தம். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டியில், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரையும் அந்தக் கசிவு ஏமாற்றும்.

இரண்டு ஸ்ட்ரோக் யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் வண்டியில் வயிறு பருத்து வால் சிறுத்த அந்தக் குழாய் என்ஜினின் ஓர் உறுப்பு. வெளியே தப்பப் பார்க்கும் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுவது அதன் வடிவம்தான். அதை அறுப்பவர் சத்தத்தை வாங்கி சக்தியை விற்கிறார்.

சட்டத்தின் பார்வையில் கம்பெனி சைலன்சருக்குக் கவலையே இல்லை. 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் கடந்து போகும்போது, 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்குள் நின்றுதான் அது விற்பனைக்கே வருகிறது. பத்து டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி வரம்பை மீறி முதல் முறை பிடிபட்டாலே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகும். பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாகக் கிடத்தி ரோடு ரோலர் ஏற்றும் காட்சி விசாகப்பட்டினம் உள்பட பல ஊர்களில் அரங்கேறியிருக்கிறது.

சத்தம் இருந்தால்தான் கார்காரன் ஒதுங்குவான், உயிர் தப்பும் என்ற வாதமும் அடிக்கடி வரும். குழாயின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. நமக்கு ஆபத்தோ பெரும்பாலும் முன்னாலிருந்து வருகிறது: குறுக்கே திரும்பும் கார், சந்திலிருந்து எட்டிப் பார்க்கும் ஆட்டோ. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் கேட்டுக்கொண்டு வருபவர் காதில் விழுவதற்குள் நாம் அவர் கதவருகே வந்திருப்போம். அதற்குத்தான் இடது கட்டைவிரலுக்குக் கீழே ஹாரன் வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு நிஜமாகவே சங்கடம் தருவது வேறு. ரசிகர்கள் உயர்த்திப் பேசும் அந்தக் கனத்த கீழ்ச்சுருதி இருக்கிறதே, மூடிய ஜன்னலையும் சுவரையும் எளிதில் தாண்டிப் போவதும் அதுவேதான். கீச்சுச் சத்தத்தைச் சுவர் தடுத்துவிடும். இரவுப் பணி முடித்து வந்து காலை ஆறு மணிக்குத் தூங்கப் போகும் செவிலியருக்கு, சுவரைத் தாண்டி வருவது நம் ரசனையின் சிறந்த பகுதி! குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை விதித்திருக்கும் வரம்பு 45 டெசிபல். கம்பெனி சைலன்சரோடு போனாலும் ஒரு குறுகிய தெருவில் புல்லட் அதை மீறத்தான் செய்யும். ஆகவே யாரும் இங்கே முழு நிரபராதி இல்லை. தெரு முனை வரை ஆக்சிலரேட்டரை முறுக்காமல் உருட்டிக்கொண்டு போவது நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது? ஊருக்குள் ஓட்ட, அலுவலகம் போக, கம்பெனி சைலன்சர் போதும். தாளம்தான் வேண்டுமென்றால், நல்ல நிலையில் இருக்கும் பழைய வார்ப்பிரும்பு என்ஜின் வண்டி ஒன்றைத் தேடுங்கள்; வலக்காலில் கியர் போடப் பழக வேண்டும், எண்ணெய்க் கசிவையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கனத்த ஒலி வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் 648 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி கடையிலிருந்து வரும்போதே அதைத் தருகிறது. இதெல்லாம் வேண்டாம், மாற்று சைலன்சர்தான் என்று தீர்மானித்துவிட்டால், டிபி கில்லரைக் கழற்றாதீர்கள், பஞ்சு மாற்றித் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். மாற்றிய வண்டி என்பதால் போலீஸ் நிறுத்தினால் வாதாட இடமில்லை என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். கழற்றிய கம்பெனி சைலன்சரைக் காயலான் கடையில் போட்டுவிட வேண்டாம். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார், பதினைந்து ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போனால் ஆர்டிஓ அலுவலகத்திலும் கேட்பார்கள்.