கைத்துப்பாக்கிக்கென்று வந்த பஞ்ச் செட், படகு எஞ்சினில் எப்படி?

தளர்ந்த பின்களைக் கழற்றவும் மாற்றவும் கைத்துப்பாக்கி திருத்துபவர்களுக்கென்று விற்கப்படும் பஞ்ச் செட் (பின்னின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்துத் தள்ளும் இரும்புக் கோல்கள்) ஒன்றைக் கடந்த மாரி முழுவதும் அவுட்போர்ட் எஞ்சின்களில் பயன்படுத்திப் பார்த்தேன். திருகோணமலையில் வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் படகுகள் கரையேறி, எஞ்சின்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருத்தத்துக்கு வரும் என்பதால், ஒரு கருவியின் தரத்தை அறிய அதைவிடப் பொருத்தமான பருவம் எனக்குக் கிடைக்காது. நுனியில் சிறு குமிழ் வைத்த ஒன்பது ரோல் பின் (நீளவாக்கில் பிளவுபட்ட பொள்ளலான பின்) பஞ்சுகள், முதல் அடிக்கான சில குட்டைப் பஞ்சுகள், ஒரு முகம் பித்தளையும் மறு முகம் நைலோனுமான சுத்தியல், துளைகளும் குறுக்கே ஒரு பள்ளமும் கொண்ட வட்டமான நைலோன் கட்டை ஆகியவை செட்டில் உள்ளன.

டொரொண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகனிடம் சொல்லி எடுப்பித்தேன். வெளி அட்டையில் பெரிதாகக் கைத்துப்பாக்கிப் படம் அச்சிட்டிருந்ததால், அட்டையை அங்கேயே கழித்துவிட்டுக் கருவிகளை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும்; பஞ்சுக்கும் சுத்தியலுக்கும் எந்தப் பத்திரமும் தேவையில்லை. ஆனாலும் அப்படியொரு படம் போட்ட பெட்டியைப் பயணப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வர எங்கள் ஆட்கள் எவரும் விரும்பமாட்டார்கள்.

துப்பாக்கிக் கருவிக்கும் படகு எஞ்சினுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, இரண்டுக்கும் வரும் நோய் ஒன்றுதான் என்பதே. அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் மேலிருக்கும் ஸ்லைட் வேகமாகப் பின்னே போய் மோதி முன்னே திரும்புகிறது. அந்த அதிர்ச்சி, பாகங்களைப் பிடித்து வைத்திருக்கும் சிறு பின்களைச் சிறிது சிறிதாக இடம்பெயரச் செய்கிறது. அவுட்போர்ட் எஞ்சினில் அதே வேலையை இடைவிடாத நடுக்கம் செய்கிறது. டொரொண்டோவில் துப்பாக்கி சுடும் கழகமொன்றில் உறுப்பினராக இருக்கும் மருமகன் விளக்கியதைக் கேட்டபோது, எங்கள் பட்டறையில் நாளாந்தம் பேசுவதையே வேறொரு பொருளை வைத்துப் பேசுவதாகத் தோன்றியது.

தளர்ந்திருப்பது எல்லாம் பழுதல்ல என்பதை இரு துறையிலும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 1911 வகைக் கைத்துப்பாக்கியில், சுடும் ஊசியை அடிக்கும் ‘சுத்தியல்’ என்ற பாகத்தைத் தாங்கும் பின் விரலால் தள்ளினாலே நழுவிவிடும். அதை வெளியே வராமல் மறைத்து நிறுத்துவது இடப்பக்கத்திலுள்ள பாதுகாப்பு விசையாகும். அது தளர்வாக இருக்கிறதென்று அடித்து இறுக்குவது வீண்வேலை. செக் நாட்டுத் தயாரிப்பான சிஇசட் 75 பி கைத்துப்பாக்கியில் சுடும் ஊசியைத் தடுத்து வைத்திருப்பதோ ரோல் பின். அது தன் சொந்த விரிவிசையாலேயே துளைக்குள் நிற்கிறது. தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்துப் பழகினால் ஊசி அந்தப் பின்னில் வந்து மோதுவதால், காலப்போக்கில் அது வளையவோ உடையவோ கூடும். ஆகவே தளர்ந்த பின் ஒன்று கண்ணில் பட்டால் சுத்தியலைத் தேடுவதற்கு முன்னர், அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது எது என்று தேட வேண்டும்.

எஞ்சினிலும் இந்த இரண்டு இனமும் உண்டு. கியர் மாற்றும் தண்டிலும் கைப்பிடியிலும் இருப்பவை பெரும்பாலும் ரோல் பின்கள். கியர்பொக்ஸுக்குள், முன்னோக்கும் பின்னோக்கும் மாறிப் பல் கொடுக்கும் கிளட்ச் துண்டை புரொப்பெல்லர் தண்டோடு சேர்த்துக் கோர்க்கும் குறுக்குப் பின்னோ கையால் தள்ளினால் நழுவக்கூடியது. கிளட்ச் துண்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மெல்லிய கம்பிச் சுருள் வளையமொன்று படுத்து அதன் இரு முனைகளையும் மூடி நிற்கிறது. அந்த வளையம் விரிந்தோ ஒரு சுற்று மற்றொன்றின்மேல் ஏறியோ போனால், பின் வெளியே நடந்து கியர்பொக்ஸ் சுவரையே உரசிவிடும். இதை அறியாமல் குறுக்குப் பின்னின் முனையைத் தட்டித் தடிப்பாக்கி இறுக்கிவிட்டு, பழைய வளையத்தையே மேலே சுற்றி அனுப்பிய எஞ்சின் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. செய்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. அந்தப் பின்னைக் கழற்றுவதற்குத் தண்டையே அரைக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இனிக் கருவிக்கு வருகிறேன். சாதாரண பஞ்சின் நுனி தட்டையானது. ரோல் பின்னோ நடுவே பொள்ளலானது, நீளவாக்கில் பிளவுபட்டது. தட்டை நுனியை அதன்மேல் வைத்து அடித்தால், சற்றுச் சரிந்தவுடனேயே பின்னின் உதடு உள்நோக்கி மடியும், அல்லது பஞ்ச் வழுக்கித் துளையின் விளிம்பில் இறங்கும். இந்தச் செட்டின் பஞ்ச் நுனியிலுள்ள குமிழ் பின்னின் பொள்ளலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. சுற்றியுள்ள தோள்பட்டை பின்னின் உதடு முழுவதையும் ஒரே சமமாகத் தள்ளுகிறது. நாற்பது குதிரைவலு எஞ்சினொன்றின் கியர் கைப்பிடியில், உப்பு வெள்ளையாகப் பூத்து இறுகியிருந்த 4 மில்லிமீற்றர் பின்னை முதலில் குட்டைப் பஞ்சால் இரண்டு தட்டுத் தட்டி அசைத்து, பிறகு நீண்ட பஞ்சை வைத்து இறக்கினேன். பின் முழு உருவோடு நைலோன் கட்டையின் துளைக்குள் விழுந்தது. அலுமினியத் துளையின் விளிம்பில் கீறல் கூட இல்லை. எனது கணிப்பில் இந்தச் செட்டின் பெறுமதி முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. புதிய பின் நிற்பதும் நிற்காததும் பழைய பின்னைக் கழற்றும்போது துளை என்ன பாடுபட்டது என்பதைப் பொறுத்தது.

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது அளவுகள். செட் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டிருக்கிறது. நம்மிடம் வரும் யப்பானிய எஞ்சின்களின் பின்கள் மில்லிமீற்றரில் இருக்கின்றன. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று பொறித்த பஞ்ச் ஏறக்குறைய 3.18 மில்லிமீற்றர் என்பதால் 3 மில்லிமீற்றர்த் துளைக்குள் போகவே போகாது. அதற்கு அடுத்த சிறியதை எடுக்க வேண்டும். முப்பத்திரண்டில் ஐந்து பங்கு என்பது 3.97 மில்லிமீற்றர், 4 மில்லிமீற்றர்த் துளைக்கு அது காகிதத்தில் பொருத்தம், ஆனால் துளைக்குள் உப்புக் கசடு இருந்தால் பின்னோடு சேர்ந்து பஞ்சும் சிக்கிக்கொள்ளும். துளையை முன்கூட்டியே மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு சுத்தம் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நைலோன் கட்டை மிக நன்று. உருளையான தண்டைப் பள்ளத்தில் கிடத்தினால் புரளாமல் நிற்கிறது. இரும்புப் பேஸில் (பிடிகருவியில்) கவ்வும்போது வரும் பல் அடையாளம் இல்லை. சுத்தியலைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது. கைத்துப்பாக்கிக்கு அந்தப் பாரம் போதும். கடல் உப்பில் ஊறிய பின்னுக்கு அது பலகாரம் தட்டுவதற்கு ஒப்பானது. பித்தளை முகத்தின் மரையும் சில வாரங்களிலேயே ஆடத் தொடங்கிவிட்டது.

எந்தப் பஞ்ச் செட்டும் தீர்க்க முடியாத பகுதி, துளையே பெரிதாகிப்போன நிலை. திருகோணமலைக் கடலில் ஓடும் எஞ்சின்களில் இதற்கு முதற்காரணம் அரிப்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் ஒன்று அலுமினிய உடலுக்குள் உப்புநீரில் நனைந்தபடி இருந்தால், இரண்டுக்குமிடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம்தான் கரையும். பின் பளபளவென்று இருக்க, துளையின் சுவர் வெள்ளைத் தூளாக உதிரும். அந்தத் துளைக்குள் புதுப் பின்னைப் போடுவதால் சில நாட்களே நிம்மதி கிடைக்கும். நான் சோதிக்கும் முறை எளிது. 4 மில்லிமீற்றர் ரோல் பின் ஒன்று புதிதாக இருக்கும்போது 4.4 முதல் 4.6 வரை விரிந்திருக்க வேண்டும்; கழற்றிய பின்னை வேர்னியர் அளவுகோலில் பிடித்து அது 4.1க்கு இறங்கியிருந்தால் விரிவிசை போய்விட்டது, பின்னை மாற்றினால் போதும். பின் சரியாக இருந்து, 4.2 மில்லிமீற்றர் டிரில் பிற்றின் வழுவழுப்பான அடித்தண்டு துளைக்குள் தாராளமாகப் போய்வந்தால் பழுது துளையில் இருக்கிறது. அதை லேத் பாஸிடம் (கடைசல் வேலை செய்பவரிடம்) கொடுத்து 5 மில்லிமீற்றருக்குச் சீராகப் பெருப்பிக்க வேண்டும், அல்லது சுவர் மெல்லியதென்றால் புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோக வளையம்) ஒன்று அடிக்க வேண்டும். துளையைச் சுற்றி சென்ரர் பஞ்சால் குத்திக் குத்தி இறுக்குவது, ரோல் பின்னுக்குள் ஆணியைச் செருகுவது, வேலிக் கம்பியை வளைத்து மாட்டுவது போன்றவற்றை அவசரத்தில் கரைசேர்வதற்கு மட்டும் மன்னிக்கலாம்.

இந்தச் செட்டுடன் ஒட்டும் திரவம் எதுவும் வருவதில்லை. தனியாக லொக்டைட் வாங்கினேன். மரை கழலாமலிருக்கப் பூசும் நீல நிற 243ஐ வழுவழுப்பான பின்னுக்கும் தடவுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது மரைக்கென்று செய்தது. மரையில்லாத உருளைப் பொருத்தத்துக்கு 641, 638 போன்றவை இருக்கின்றன. முன்னையது ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் இடைவெளி வரையும், பின்னையது 0.25 வரையும் நிரப்பும். 638 போட்ட பின்னைக் கழற்ற 250 பாகை அளவுக்குச் சூடாக்க வேண்டியிருக்கும் என்பதால், மீண்டும் கழற்ற வேண்டிய இடத்துக்கு 641ஐத்தான் நான் எடுப்பேன். காற்று இல்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால்தான் இவை இறுகும்; போத்தலில் பாதி வெறுமையாக இருப்பதும் உள்ளே காற்று வேண்டும் என்பதற்காகத்தான், கடைக்காரர் குறைத்துத் தந்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் அலுமினியத்திலும் மெதுவாகவே இறுகுகிறது. எண்ணெய்ப் பசை துப்புரவாகப் போகும்படி துடைத்து, பூசியபிறகு ஒரு முழு நாள் எஞ்சினைத் தொடாமல் விட வேண்டும். மறுநாள் விடியற்காலை கடலுக்குப் போகவேண்டும் என்று நிற்கும் சம்மாட்டியிடம் (படகு உரிமையாளரிடம்) இதைச் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்வது திருத்த வேலையை விடக் கடினம். கியர்பொக்ஸ் குறுக்குப் பின்னுக்கு மட்டும் எந்தத் திரவமும் கூடாது. அங்கே புது வளையம் போட்டு, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பள்ளத்துக்குள் படுத்திருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பார்த்தாலே போதும்.

கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கங்களில் சொந்தமாக ஒரு எஞ்சின் வைத்திருந்து வருடத்துக்கு ஒருமுறை கைப்பிடியைக் கழற்றுபவருக்கு இந்தச் செட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவருக்கு 3, 4, 5 மில்லிமீற்றர் ரோல் பின் பஞ்சுகள் மூன்று போதும், அவை மில்லிமீற்றர் அளவிலேயே கிடைத்தால் இன்னும் நல்லது. பட்டறை வைத்திருப்பவருக்கு, சுத்தியலைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், பஞ்சுகளும் கட்டையும் கொடுத்த விலைக்குத் தகும். தனிப் பஞ்ச் உடைந்தால் இங்கே மாற்றுக் கிடைக்காது என்பதையும் வாங்குபவர் எண்ணிக்கொள்ள வேண்டும். அடிக்கடி எடுக்கும் முப்பத்திரண்டில் ஐந்து பங்குப் பஞ்சின் குமிழ் தை மாதத்திலேயே முறிந்தது; பழைய டீசல் எஞ்சின் வால்வுத் தண்டொன்றை லேத் பாஸிடம் கொடுத்து, 3.8 மில்லிமீற்றருக்கு இழைத்து நுனியில் குமிழும் வைத்து வாங்கினேன். 4 மில்லிமீற்றர்த் துளைகளுக்கு இப்போது அதைத்தான் எடுக்கிறேன், அது இதுவரை எங்கும் சிக்கவில்லை.