கண்மாய்க்கரையா, மலையடிவாரமா? மதுரையில் தினசரி நடைக்கு எது தோது

காலை நடையோடு பறவை, பூச்செடி பார்க்கிற பழக்கமும் ஒட்டிக்கொண்டால், மதுரைக்காரருக்கு முதலில் வருகிற கேள்வி எங்கே போவது என்பதுதான். மலைப்பக்கம் என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை. தண்ணீர்ப்பக்கம் என்றால் ஊருக்குள்ளேயே வண்டியூர்க் கண்மாய், கொஞ்சம் தள்ளிப்போனால் சாமநத்தம். இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு நான் கண்மாய்க்கரையோடு நின்றுகொண்டேன். ஆகவே இதில் ஓரவஞ்சனை இருக்கும். தெரிந்தே படியுங்கள்.

மலையின் பெருமை ஊரறிந்தது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். ஏறினால் செட்டிப்புடவு குகையும் பேச்சிப்பள்ளமும், சமணச் சிற்பங்களும், வட்டெழுத்துக் கல்வெட்டும். அங்கே என்னை நெடுநேரம் நிற்க வைத்தது பாறை ஓணான்தான். இனப்பெருக்கக் காலத்து ஆண் ஓணானுக்குத் தலையும் முதுகும் சிவந்து, விலாப்பக்கம் கறுத்திருக்கும். பாறை உச்சியில் உட்கார்ந்து தண்டால் எடுக்கும். இன்னொரு ஆணோ பெண்ணோ கண்ணில் பட்டால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறும். கண்மாயில் இதற்கு ஈடாக ஒன்று இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சரிவில் உசிலை, விராலி, ஆவாரை. ஆவாரம்பூவைச் சுற்றிக் கொன்னை வெள்ளையன் பட்டாம்பூச்சிகள்.

சிக்கல் என்னவென்றால் வெயில். எட்டு மணி தாண்டினால் பாறை காய ஆரம்பித்துவிடும், பறவைச் சத்தம் அடங்கிவிடும். ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேறு. வேலைக்குப் போகிறவருக்குப் போக வரவே காலை கரைந்துபோகும். மழை பெய்த கையோடு மலையில் நான் அதிகம் நடந்ததில்லை. செங்காந்தள் பூக்கிற அந்தப் பருவத்தில் அடிக்கடி போகிறவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

இப்போது கண்மாய். என் முடிவுக்குப் பறவைக் கணக்கு காரணம் கிடையாது. தண்ணீர் ஏறி இறங்குவதுதான் காரணம். ஒரே கரையில் வருடம் முழுக்க நடந்தாலும் மூன்று வேறு இடங்களில் நடந்த மாதிரி இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறிவிட்டால் அது முங்குகிறவைகளின் காலம். முக்குளிப்பான், நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நாமக்கோழி, பாதி மூழ்கிய கருவேல மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகமும் பாம்புத்தாராவும். தை, மாசியில் தண்ணீர் இறங்கிச் சேறு தலைகாட்டும். உடனே ஆட்கள் மாறிவிடுவார்கள். பவளக்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், வாலாட்டி, மேலே வட்டமடிக்கிற ஆலா. பொங்கலையொட்டித் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடப்பதும் இந்தச் சமயத்தில்தான். பங்குனியில் மிச்சமிருக்கிற குட்டையில் மீன் நெருக்கியடிக்கும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அங்கே கூடும். மேலூர்ப் பக்கம் என்றால் அதற்குள் மீன்பிடித் திருவிழா வந்து, ஊரே ஊத்தாவோடு, அதாவது மீன் பிடிக்கிற கூடையோடு, இறங்கிவிடும்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று பலரும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பூச்செடி பார்க்கிறவருக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பம். வற்றிய உள்வாயில், அதாவது கண்மாயின் உள்தரையில், குனிந்து பாருங்கள். செருப்படை தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். இலை முழுக்கச் சுருக்கம், அதற்கு நடுவே குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் பூ. ஈரம் மிச்சமிருக்கிற ஓரத்தில் பொடுதலை. அதன் பூங்கொத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் பூத்திருக்கும். ஊதா உருண்டையாகக் கொட்டைக்கரந்தை. மடைப்பக்கம் நீர்முள்ளி நின்றால் ஒரு கணுவை எண்ணிப் பாருங்கள், பூவைச் சுற்றி ஆறு முள் இருக்கும். அதே வெறும் தரையில் ஆள்காட்டி முட்டையிடும். பெரும்பாலும் நாலு, கூர்முனை உள்பக்கம் பார்த்திருக்கும், மண்ணோடு மண்ணாக நிறம். தலைக்கு மேல் அது கத்திக்கொண்டே பாய்ந்தால் வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

வெளிச்சமும் கண்மாய்க்கே சாதகம். மதுரைச் சீமையில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆகவே கண்மாய்க்கரை பெரும்பாலும் கிழக்கிலோ தெற்கிலோ இருக்கும். கிழக்குக்கரையில் காலையில் நின்றால் சூரியன் முதுகுப்பக்கம், பறவை முழு வெளிச்சத்தில். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற சாதாரண 8x42 பைனாகுலரே போதும். சாயங்காலம் அதே இடத்தில் கண் கூசும். போகாதீர்கள்.

கண்மாயின் குறைகளும் கொஞ்சநஞ்சமில்லை. ஊர்க் கண்மாயில் சாக்கடை வாடை, நாய், குப்பை. ஆகாயத்தாமரை மூடிவிட்டால் முக்குளிப்பானுக்கு இடமில்லை. நீலத்தாழைக்கோழிதான் அதன்மேல் சாவகாசமாக நடந்துபோகும். கல் பதித்து நடைபாதை போட்ட கரையில் பறவை கிடைக்கும், பூ கிடைக்காது. செடிக்காகப் போகிறவர் மண்கரை மிச்சமிருக்கிற சாமநத்தம் மாதிரி இடத்துக்குப் போவதே மேல். புல்லுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கலாம், ஷூ இல்லாமல் இறங்க வேண்டாம்.

அரிட்டாபட்டியை ஏன் விட்டாய் என்பீர்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். மலையும் கண்மாயும் ஒன்றாகக் கிடைக்கும், லகர் வல்லூறு என்கிற வேட்டைப் பறவை வேறு. ஆனால் மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அதை லீவு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், தினசரிக் கணக்கில் சேராது.

நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் குடியிருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். வீட்டு வாசலில் மலை இருக்க, அவர் எதற்கு வண்டியூருக்கு வரவேண்டும்? அண்ணாநகர், கே.கே.நகர்க்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், கண்மாய்தான்.