கரண்ட் வைத்த வயிற்றுக்குக் ‘குடல் சுத்திப் பொடி’ விற்கிறார்கள், கவனம்

அடிவயிற்றில் ரேடியேஷன் (பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’) எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள். அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள், கூடவே வாரம் ஒரு தடவை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். கட்டி கரைந்துவிட்டது, ஆனால் பேதி நிற்கவில்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் கழிவறைக்கு ஓட வேண்டிய நிலை.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் ஒருவர், புற்றுநோய்க்குப் பிந்தைய உணவு ஆலோசனை என்று போர்டு வைத்திருக்கும் ஒரு மையத்துக்கு அனுப்பினார். வெள்ளைக் கோட்டு போட்டவர் நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார். டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினேன், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “கரண்டோட நச்சு குடல்லயே தங்கியிருக்கும்மா, அதை வெளியே தள்ளணும்” என்றார். வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் கதிர்வீச்சு உடம்புக்குள் எதையும் விட்டுவைக்காது. குடலின் உள்சுவர் புண்ணாகிப் போவதால்தான் பேதி.

மூன்று மாத பேக்கேஜ் 18,000 ரூபாய். காலையில் அருகம்புல் சாறு, மதியம் முளைகட்டிய பயறும் பச்சைக் காய்களும், சாயங்காலம் பாலில் சத்துமாவு, படுக்கும் முன் குடல் சுத்திப் பொடி. பேதியைக் கட்டுப்படுத்த ஆஸ்பத்திரியில் கொடுத்த லோபரமைடு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். பேதி அதிகமானதும் போன் செய்தோம். “நச்சு இறங்குது, நல்ல அறிகுறி” என்றார்கள். அம்மா எழுந்து நிற்க முடியாமல் சரிந்தபோதும் அதே பதில்தான் வந்தது.

அட்மிட் செய்தபோது உடம்பில் நீரில்லை, பொட்டாசியம் ஏகமாய் இறங்கியிருந்தது. சிஸ்பிளாட்டின் எடுத்த சிறுநீரகம் நீர் வற்றினால் தாங்காது என்று டாக்டர் கோபமாகவே சொன்னார். பொட்டலத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். முகர்ந்து, துளி நாக்கில் வைத்துப் பார்த்தவர், நிலவாகையும் கடுக்காயும் மாதிரி இருக்கிறது என்றார். இரண்டுமே மலமிளக்கிகள். பேதியில் தவிக்கும் மனுஷிக்கு மேலும் பேதி மருந்து கொடுத்திருக்கிறார்கள்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சொன்னது அப்படியே தலைகீழ். நார்ச்சத்தும் பச்சைக் காயும் நல்லதுதான், ஆனால் புண்ணான குடலுக்கு இப்போதைக்கு வேண்டாம். குழைந்த வெள்ளைச் சாதம், இட்லி, ஜவ்வரிசிக் கஞ்சி, தோலும் விதையும் எடுத்து வேகவைத்த சுரைக்காய், வாழைப்பழம், அவித்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. பால் செரிக்காமல் போகலாம், கொஞ்ச நாள் நிறுத்தி நீர்மோர் கொடுத்துப் பாருங்கள் என்றார். கீரை, கம்பு, கொண்டைக்கடலை, எண்ணெய்ப் பலகாரம், காரம், காபி எல்லாம் தள்ளிவைத்து, வயிறு தேறத் தேற ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். உடம்பில் நீர் வற்றாமல் இருக்கக் கொடுக்கும் ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பொடியின் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதியை டம்ளரில் கலக்கிக் கொடுப்பது தப்பு. இதெல்லாம் அம்மாவுக்குச் சொன்னது. உங்கள் வீட்டு நோயாளிக்கு அவருடைய டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

மாதக்கணக்கில் பேதி நிற்கவில்லை என்றால் சாப்பாட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலம் குடலில் சரியாக உறிஞ்சப்படாமலும் இப்படிப் போகும், அதற்குத் தனி மருந்து உண்டு. ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பணம் திரும்பி வரவில்லை. “பாதியில நிறுத்தினது நீங்கதானே” என்கிறார்கள். பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள், ஜிபே ரசீது, பொட்டலத்தின் போட்டோ, அட்மிஷன் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே, இப்படிப்பட்ட மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அவர்கள் நோட்டீஸில் அதுவும் அச்சாகியிருக்கிறது. அதே நோட்டீஸை ரேடியேஷன் பிரிவுக்கு வெளியே டீக்கடையில் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கைக்கு வந்தால் வாங்கி, உள்ளே இருக்கும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.