கல்லறைத் தோட்டத்திலும் கோயில் வளாகத்திலும் வண்டி நுழையுமுன்: இரும்பு பிளேட்டா, பிளைவுட்டா, எச்.டி.பி.இ. மேட்டா?

பழைய கல்லறைத் தோட்டத்தில் சாய்ந்த சுற்றுச்சுவரைக் கட்ட வேண்டும், அல்லது கோயில் வெளிப் பிராகாரத்தில் திருப்பணிக்குக் கல் இறக்க வேண்டும். வண்டி உள்ளே போகாமல் வேலை நடக்காது. வெறும் தரையில் போனால் தரை தாங்காது. நடுவில் விரிப்பதற்கு இங்கே கைக்குக் கிடைப்பவை நான்கு: இரும்பு பிளேட், பிளைவுட், ஜியோ துணிமேல் (மண்ணைப் பிரித்து வைக்கும் செயற்கை இழைத் துணி) மணல் மெத்தை, எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) பிளாஸ்டிக் மேட்.

எங்கள் ஓட்டு எச்.டி.பி.இ. மேட்டுக்கு. வலிமையில் இரும்புதான் மேல், முதல் செலவில் பிளைவுட்தான் குறைவு. ஆனாலும் மேட்டைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம், அதை விரிக்கவும் எடுக்கவும் இரண்டு ஆள் போதும் என்பது.

எடையைப் பாருங்கள். எட்டுக்கு நான்கு அடி அளவில் 12 மி.மீ. இரும்பு பிளேட் ஏறக்குறைய 280 கிலோ. அதே அளவில் அரை அங்குல எச்.டி.பி.இ. மேட் 36 கிலோ. பிளேட்டை இறக்க ஹைட்ரா கிரேன் வேண்டும். அந்த ஹைட்ரா எங்கே நிற்கும்? இன்னும் எதுவும் விரிக்காத வெறும் தரையில். காப்பாற்ற வந்த பொருளை இறக்கும்போதே பள்ளம் விழுந்துவிடுகிறது. முதல் பிளேட்டைச் சாலையிலிருந்தே போட்டு, அதன்மேல் ஏறி அடுத்ததைப் போட்டு முன்னேறலாம்; அதுதான் சரியான முறையும்கூட. ஆனால் திரும்ப எடுக்கும் நாளில் பின்வாங்கிக்கொண்டே எடுக்கும் பொறுமை பல தளங்களில் இருப்பதில்லை. சங்கிலி மாட்டித் தரதரவென்று இழுப்பார்கள். பிளேட்டின் மூலை மண்ணை உழுதுகொண்டே வரும். கல்தளமாக இருந்தால் ஓரச் சில்லுகள் பெயரும். வேலை முழுக்க ஒழுங்காக நடந்து, கடைசி நாளில் கெட்டுப்போன தரைகள்தான் அதிகம்.

இன்னொரு கணக்கும் உண்டு. கையால் தூக்க முடிகிற பொருளைத்தான் தினமும் தூக்குவார்கள். நந்தம்பாக்கம் போர்க் கல்லறை போல ஒழுங்காகப் பராமரிக்கும் புல்தரையில், எதை மூடி வைத்தாலும் மூன்று நான்கு நாளில் புல் வெளுத்துவிடும். கோடை வெயிலில் கறுப்பு மேட்டுக்கு அடியில் அதைவிடச் சீக்கிரம் வெந்துபோகும். மாலையில் வேலை முடிந்ததும் மேட்டை எடுத்து ஓரமாக அடுக்கி, புல்லுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, காலையில் மறுபடி போடலாம். 280 கிலோ பிளேட்டை அப்படி யாரும் எடுக்கப் போவதில்லை.

எடுத்து மாற்ற முடிவதால் எண்ணிக்கையும் குறைகிறது. 60 மீட்டர் பாதைக்கு மேட்டைக் குறுக்காகப் போட்டால் 50 வேண்டும். ஒன்றரை டன் மினி எக்ஸ்கவேட்டர் மட்டும் ஒருமுறை போய்த் திரும்புவதென்றால் 12 மேட்டே போதும். வண்டி தாண்டிய மேட்டை இரண்டு ஆள் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். நாள் முழுக்கக் கல் சுமந்து போய்வரும் வண்டிக்கு இது ஒத்துவராது. முழுப் பாதையும் விரிக்கத்தான் வேண்டும்.

பிளைவுட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 303 சாதாரணப் பலகை ஒரு நல்ல மழைக்கு மேல் நிற்காது. அடுக்கு பிரியும், ஓரம் ஊதும், கறையான் ஏறும். ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் 18 மி.மீ. தாங்கும், ஆனால் நனைந்தால் வழுக்கும், ஓரத்தில் சக்கரம் ஏறினால் மறுமுனை எம்பும். தள்ளுவண்டி, ஆள் நடை, சாரம் நிறுத்தும் இடம் இவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். ஜேசிபிக்கு வேண்டாம். வேலை முடிந்தபின் அது விறகு விலைக்குத்தான் போகும். மேட்டை அடுத்த வேலைக்குக் கொண்டுபோகலாம்.

மணல் மெத்தை தொழில்நுட்ப ரீதியாக மோசமில்லை. துணி விரித்து 15 முதல் 20 செ.மீ. மணல் கொட்டினால் மேடுபள்ளத்தோடு ஒத்துப்போகும். சிக்கல் எடுப்பதில்தான். பக்கெட் பல்லால் வழிக்கும்போது துணி கிழிந்து, அடியில் உள்ள பழைய மண்ணும் சேர்ந்து வந்துவிடும். தொல்லியல் களத்தில் இன்னும் பெரிய தவறு நேரலாம்: வெளியிலிருந்து வரும் ஆற்றுமணலில் பழைய பானைச் சில்லு கிடந்தால், பின்னால் அகழ்பவரை அது குழப்பிவிடும். கட்டாயம் மணல்தான் என்றால், சலித்த எம்-சாண்டும் பளிச்சென்ற நிறத் துணியும் போட்டு, கடைசி ஐந்து செ.மீட்டரை மண்வெட்டியாலும் சாந்துச் சட்டியாலும் அள்ள வேண்டும்.

இனி மேட்டின் குறைகள். முதலாவது, அது வளையும். டயரில் எவ்வளவு காற்றழுத்தமோ ஏறக்குறைய அவ்வளவே தரையில் விழுகிறது. அதைப் பரப்ப விறைப்பு வேண்டும். அரை அங்குல பிளாஸ்டிக்கில் அது குறைவு. காய்ந்த செம்மண்ணிலும் மணற்பாங்கிலும் குறை தெரியாது. ஈரக் களிமண்ணில் சக்கரம் தாண்டும்போது மேட் குழிந்து, இடுக்கு வழியாகச் சேற்றைப் பீச்சும். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் முகப்பு போலத் தாழ்ந்து தண்ணீர் தேங்கும் இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு போட வேண்டும். அடைமழைக் காலக் களிமண்ணில் இது வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்று உறுதி சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அனுபவம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

இரண்டாவது வெப்பம். 2.44 மீட்டர் மேட் காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையில் ஒரு செ.மீ. அளவு நீளும். காலையில் நெருக்கிப் போட்டால் பகலில் நடுவே கூடாரம்போல எழும்பும். இரண்டு விரல் இடைவெளி விட்டு, கைப்பிடித் துளைகளில் நைலான் கயிற்றால் இணைக்கவும். கோயிலில் பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கும் வழியில் பகலில் மேட் கிடந்தால் கால் கொப்பளிக்கும். அந்த இடத்தில் மேலே தென்னைநார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிளாஸ்டிக் 130 டிகிரியை ஒட்டியே இளகிவிடும் என்பதால் யாகசாலை, விளக்கு வரிசை, வெல்டிங் வேலை இவற்றுக்குப் பக்கத்தில் போடக்கூடாது.

மூன்றாவது, கிரேனின் ஊன்றுகால். ஒரு காலில் 5 டன் வந்து 30 செ.மீ. சதுரத் தட்டில் நின்றால், சதுர செ.மீட்டருக்கு ஐந்தரைக் கிலோ. மேட் அந்த இடத்தில் தட்டுப்போலக் குழிந்துவிடும். அங்கே மட்டும் இரும்பையோ ஸ்லீப்பர் கட்டை அடுக்கையோ ஒரு மீட்டர் சதுரத்துக்கு வைத்தால் அரைக் கிலோவாக இறங்கும். இரும்பு பிளேட்டுக்கு நாங்கள் விடும் இடம் இது ஒன்றுதான்.

கல்தளத்தில் விரிக்குமுன் துடைப்பத்தால் சுத்தமாகப் பெருக்க வேண்டும். ஒரு சிறு சல்லி அடியில் மாட்டினால், பாரம் முழுவதும் அந்தப் புள்ளியில் இறங்கிக் கல்லில் நட்சத்திர விரிசல் விழும். கல்லுக்கும் மேட்டுக்கும் நடுவே ஜியோ துணி ஒரு மடிப்பு, வழவழப்பான பக்கம் கீழே. தரையோடு படுத்திருக்கும் கல்லறைப் பலகைகளின் மேல் எதைப் போட்டும் வண்டி ஏற்றக்கூடாது. பழவேற்காடு டச்சுக் கல்லறையில் உள்ளது போல எழுத்து செதுக்கிய பலகைகள் என்றால் சொல்லவே வேண்டாம். பலகை ஓரம் ஒரு அங்குலம் உயர்ந்திருந்தாலும் அதுதான் பாரம் வாங்கும், அதுதான் உடையும். பாதையைச் சுற்றிக் கொண்டுபோங்கள்.

எந்த விரிப்பும் மேல்மண்ணைத்தான் காக்கும். அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் விரிப்பின் உதவி தேய்ந்துவிடும். அங்கே வண்டியின் மொத்த எடைதான் பேசும். ஐரோப்பியர் கல்லறைகளில் செங்கல் வளைவு வைத்த நிலவறை இருக்கலாம். ஆதிச்சநல்லூர் போன்ற, முதுமக்கள் தாழிகள் புதைந்த 114 ஏக்கர் தாழிக்காட்டில் தாழியின் வாய் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே இருக்கலாம். அதனால் மேட்டைத் தேர்வதற்கு முன்னால் வண்டியைத் தேர்ந்தெடுங்கள்: ஏழரை டன் ஜேசிபி செய்வதை ஒன்றரை டன் மினி எக்ஸ்கவேட்டர் மூன்று நாளில் செய்யுமானால் மூன்று நாள் ஆகட்டும். அடியில் என்ன இருக்கிறது என்று கடப்பாரையால் குத்திப் பார்ப்பது கூடவே கூடாது. தாழி உடைவது அப்படித்தான். மரச் சுத்தியலால் தட்டிப் பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு மீட்டர் விலகிப் போகலாம். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னமாக இருந்தால், எல்லையிலிருந்து 300 மீட்டர் வரை பழுதுபார்ப்புக்கு முன்அனுமதி வேண்டும். பாதை வரைபடத்தையும் வண்டி எடையையும் அந்த விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

விரிக்கும் நாளுக்கு முன்தினம், பாதையில் மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய டியூப்) மட்டம் எடுத்துச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் மாலை மேட்டை எடுத்ததும் அதே புள்ளிகளில் மறுபடி பார்க்கவும். எங்காவது 10 மி.மீ. இறங்கியிருந்தால் மறுநாள் அந்த வழியில் வண்டி ஓடக்கூடாது. பாதையை மாற்ற வேண்டும், அல்லது இரண்டாம் அடுக்கு போட வேண்டும். இறங்கிய இடத்தில் மண் கொட்டி நிரவி மறைக்காமல், புகைப்படம் எடுத்து அளவோடு எழுதி வையுங்கள்.